வேறுபாடும் வழுவமைதியும்: நிறை, கிருமி, துரோகம் ஆகிய மூன்று சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் நுட்பமான வேறுபாடுகள் மங்கிப்போவதற்குக் கலைச்சொற் பற்றாக்குறையே காரணம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கட்டுரை அதனை மறுக்கிறது. நிறை, கிருமி, துரோகம் ஆகிய சொற்கள் முறையே இயற்பியல் பாடநூலிலும் மருந்துக்கடையிலும் சட்டச் செய்தியிலும் வழங்கும் முறையை, தமிழ் இலக்கண மரபு வகுத்த வழு, வழுவமைதி, ஐயம் என்னும் கருத்தாக்கங்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. இருவேறு பொருள்களை ஒரே சொல்லால் வழங்குவது எவ்விடத்தில் பொறுக்கத்தக்கது, எவ்விடத்தில் கேடு விளைவிப்பது என்பதே இங்கு ஆராயப்படும் சிக்கல்.

திறவுச்சொற்கள்: வேறுபாடு, வழுவமைதி, ஐயம், கலைச்சொல், நிறை, கிருமி, இராஜதுரோகம்

முன்னுரை

அறிவியல் தமிழ் குறித்த விவாதங்களில் ஒரு முறையீடு திரும்பத் திரும்ப எழுகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் உள்ள இடத்தில் தமிழில் ஒன்றே உள்ளது. ஆகவே தமிழில் நுட்பமாகச் சிந்திக்க இயலவில்லை. ஆகவே இன்னொரு சொல்லைப் படைக்க வேண்டும் என்பது அம்முறையீடு. இதன் முதற்கூற்று சில இடங்களில் உண்மை. இரண்டாம் கூற்று முதற்கூற்றிலிருந்து பிறப்பதன்று. சொல் இரண்டாக இருந்தும் வேறுபாடு தொலைந்த இடங்கள் உள்ளன. சொல் ஒன்றாக இருந்தும் வேறுபாடு பிழைத்திருக்கும் இடங்களும் உள்ளன. இவ்விரண்டையும் விளக்காமல் சொற்பட்டியலை மட்டும் நீட்டிக்கொண்டு போவதால் பயன் சிறிது.

இதனை மதிப்பிடுவதற்குரிய கருவி தமிழ் இலக்கணத்திலேயே உள்ளது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழனுள் ஒன்றற்கு உரியதை மற்றொன்றற்கு வழங்குவது வழு. அவ்வாறு மயங்காமல் வழங்குவது வழாநிலை. இவ்விரண்டோடு இலக்கணிகள் நிறுத்திக்கொள்ளவில்லை. மகளை ‘வா, ராசா’ என்று தாய் அழைப்பது பால் மயக்கமே. ஆயினும் அது மகிழ்ச்சி காரணமாக எழுந்தமையால் பிழையன்று என்று கொள்ளப்படுகிறது. உண்டு முடிக்காதவன் வாயிலில் நிற்கும் நண்பனிடம் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது கால மயக்கம். விரைவு காரணமாக அதுவும் அமைகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு எனத் திணை, பால் மயக்கங்களுக்கு நன்னூல் காரணங்களைப் பெயரிட்டே சொல்கிறது. இது வழுவமைதி.

வழுவமைதியைப் பொதுமன்னிப்பாகக் கொள்ளும் வழக்கம் வகுப்பறைகளில் உண்டு. ‘அப்படியும் சொல்லலாம்’ என்ற அளவில் அது கற்பிக்கப்படுகிறது. ஆனால் மன்னிப்பிற்கு இரு நிபந்தனைகள் உள்ளன. மயக்கத்திற்குக் காரணம் காட்ட இயல வேண்டும். மயங்கிய இரண்டும் வேறு வேறு என்பதைச் சொல்பவரும் கேட்பவரும் அறிந்திருக்க வேண்டும். தாயும் மறக்கவில்லை, மகளும் மறக்கவில்லை. அதனால்தான் ‘ராசா’ இனிக்கிறது.

இவற்றோடு ஐயக்கிளவியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொலைவில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று துணிய இயலாதபோது ‘உரு’ போன்ற பொதுச்சொல்லால் கூறுமாறு தொல்காப்பியம் வழிகாட்டுகிறது. ஆளென்று தெரிந்தும் ஆணா பெண்ணா என்று துணியாதபோது பலர்பாலால் கூறச் சொல்கிறது. பிரித்தறிய இயலாத நிலையில் பிரித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளாமையும் நுட்பமே என்பதை இதைவிடச் சுருக்கமாக உணர்த்துவது அரிது.

தொலைந்தும் தொலையாத வேறுபாடு

தொல்காப்பியச் சொல்லதிகாரம் கொடுத்தற்பொருளில் வரும் வினைகளை ஈரிடங்களில் இருவகையாகப் பிரிக்கிறது. கிளவியாக்கத்தில் பிரிப்பின் அடிப்படை இடம். தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன. கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு உரியன. எச்சவியலில் அடிப்படை தகுதி. ஒன்றை வேண்டும்போது ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று. ‘தா’ என்பது ஒப்போன் கூற்று. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று.

இவ்விரு வேறுபாடுகளும் இன்றைய தமிழில் இல்லை. ‘எனக்குக் கொடு’, ‘அவனுக்குத் தா’ என இரண்டும் தடையின்றி வழங்குகின்றன. ‘ஈ’ என்னும் ஏவல் பேச்சில் மறைந்து, ஈகை என்னும் பெயராக எஞ்சியுள்ளது. மலையாளத்தில் இடவேறுபாடு இன்றும் உயிரோடு உள்ளது: எனக்கோ உனக்கோ என்றால் தருதல், மூன்றாமவருக்கு என்றால் கொடுத்தல். இம்மாற்றத்தைத் தமிழின் இழப்பாக எழுதுவோர் உளர். அவ்விரங்கல் இரண்டு வெவ்வேறு இழப்புகளை ஒன்றாகக் கருதுகிறது.

இடவேறுபாடு வினையிலிருந்து நீங்கினாலும் வாக்கியத்திலிருந்து நீங்கவில்லை. ‘எனக்கு’, ‘அவனுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமைப் பெயர் அதனைத் தாங்குகிறது. வினை இறக்கிவைத்த சுமையைப் பெயர் ஏற்றுக்கொண்டது. கேட்பவர் யாருக்கு என்று அறியாமல் திகைப்பதில்லை. தகுதி வேறுபாட்டின் நிலை வேறு. அது கொடுக்கப்படும் பொருளைப் பற்றியோ கொடுக்கும் திசையைப் பற்றியோ எதனையும் அறிவிக்கவில்லை. கேட்பவன் எந்தப் படியில் நிற்கிறான் என்பதை மட்டும் அறிவித்தது. அது மறைந்ததால் அறிவு எதுவும் குறையவில்லை. இரப்பவனும் இன்று ‘கொடுங்கள்’ என்று கேட்க முடிகிறது. நுட்பமான வேறுபாடுகள் யாவும் காக்கத்தக்கன என்னும் எண்ணத்திற்கு எச்சவியலின் இப்பகுதி நல்ல மறுப்பு. வேறுபாடு நுட்பமாக இருப்பது ஒரு தகுதி. அது எதனைப் பிரிக்கிறது என்பது வேறொரு கேள்வி.

ஒரு சொல், இரு பாடநூல்

ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவும், அப்பொருளின் மீது செயற்படும் புவியீர்ப்பு விசையும் வேறு வேறு. முன்னது கிலோகிராமில் அளக்கப்படுவது. பின்னது நியூட்டனில் அளக்கப்படுவது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை ‘நிறை’ என்றும் பின்னதை ‘எடை’ என்றும் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்கள் முன்னதைத் ‘திணிவு’ என்றும் பின்னதை ‘நிறை’ என்றும் வழங்குகின்றன. இரு மரபுகளும் வேறுபாட்டைச் சரியாகவே வரைந்துள்ளன. ஆனால் ‘நிறை’ என்னும் சொல் ஓரிடத்தில் கோட்டின் இப்புறத்திலும் மற்றோரிடத்தில் அப்புறத்திலும் நிற்கிறது.

இதன் விளைவை ஒரு வாக்கியத்தால் காட்டலாம். ‘ஒரு பொருளைச் சந்திரனுக்குக் கொண்டு சென்றாலும் அதன் நிறை மாறாது’ என்று எழுதும் மாணவருக்குச் சென்னையில் முழு மதிப்பெண் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் அவ்விடை தவறு. அங்கு 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறை புவியில் ஏறத்தாழ 588 நியூட்டன். சந்திரனில் அதன் ஆறில் ஒரு பங்கு, அதாவது 100 நியூட்டனுக்கும் சற்றுக் குறைவு. இவ்வாறே ‘வட்டப்பாதையில் சீராகச் சுற்றும் பொருளின் வேகம் மாறாது’ என்பது தமிழ்நாட்டில் மெய். அங்கு வேகம் திசையற்ற அளவு. திசையையும் சேர்த்துச் சொல்லத் ‘திசைவேகம்’ உள்ளது. இலங்கையில் திசையற்றதற்குக் ‘கதி’ என்றும் திசையுள்ளதற்கு ‘வேகம்’ என்றும் பெயர். வட்டத்தில் சுற்றும் பொருளின் திசை கணந்தோறும் மாறுவதால் அங்கு அதே வாக்கியம் பொய். ஓரெழுத்தும் மாறாத தமிழ் வாக்கியம் பாக்கு நீரிணையைக் கடக்கையில் மெய்யிலிருந்து பொய்யாகிறது.

இதனைக் குழப்பம் என்றும், ஒரு நாடு தன் வழக்கை விட்டுக்கொடுத்தாலொழியத் தீராது என்றும் கருதுவது ஒரு நிலைப்பாடு. தரப்படுத்தலுக்குரிய நியாயங்களை இங்கு மறுக்க வேண்டியதில்லை. எனினும் இந்நிலைப்பாடு வேறுபாடு சொல்லுக்குள் இருப்பதாக எண்ணுகிறது. வேறுபாடு இருப்பது இணையில். ‘நிறை’ என்னும் தனிச்சொல் எதனையும் வரையறுக்கவில்லை; ‘நிறை–எடை’ என்னும் இணையும் ‘திணிவு–நிறை’ என்னும் இணையுமே வரையறுக்கின்றன. இணையோடு பயணம் செய்யும் சொல் தன் பொருளைத் தன்னுடன் கொண்டு செல்கிறது. இணையிலிருந்து பிரிந்து தனித்துச் செல்லும்போதே அது ஏமாற்றுகிறது. ஆகவே இரு நாட்டு வழக்குகளையும் நாட்டுக்குறிப்பின்றி ஒரே பதிவில் அடுக்கும் கலைச்சொற்பட்டியல், பார்வைக்கு நிறைவாகத் தோன்றினாலும், பயனரை அவர் முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் விடுகிறது. அவர் முன்பு ஒரு மரபையேனும் சரியாக அறிந்திருந்தார்.

இரு மரபுகளையும் ஒப்பிடும்போது ஒன்றைக் குறிப்பிடலாம். ‘திசைவேகம்’ என்னும் தமிழ்நாட்டு ஆக்கம் வேறுபாட்டைத் தன் உருவிலேயே அணிந்துள்ளது. பார்த்த அளவில் திசை உண்டு என்று தெரிகிறது. ‘கதி–வேகம்’ என்னும் இலங்கை இணை அழகியது, சுருக்கமானது. எனினும் கற்றாலன்றித் தெரியாது. மறுபுறம் ‘நிறை–எடை’ என்னும் தமிழ்நாட்டு இணை வழக்கில் ஏறத்தாழ ஒருபொருட்சொற்களாகிய இரண்டைப் பிரித்து நிறுத்துகிறது. ‘திணிவு’ என்னும் இலங்கை வழக்கோ அன்றாடப் பேச்சில் போட்டியில்லாத சொல்லைத் தேர்ந்து அச்சிக்கலைத் தவிர்க்கிறது. ஒவ்வொரு மரபும் ஓரிடத்தில் மற்றதை விஞ்சியுள்ளது.

தராசைக் காப்பவர்

சந்தையில் இவ்வேறுபாடு முற்றாக மறைகிறது. ‘ஒரு கிலோ எடை’ என்று கூறாத கடைக்காரர் இல்லை. இயற்பியல் ஆசிரியர் இதனைப் பிழை என்று திருத்துவது வழக்கம்; கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகன்று. திருத்தம் சரிதான். ஆனால் கடைக்காரரின் கூற்று வழுவா, வழுவமைதியா என்பது எளிய கேள்வியன்று. தாயும் மகளும் வேறுபாட்டை அறிந்தே மயக்கினர். கடைக்காரரும் வாங்குபவரும் பெரும்பாலும் அறியாமலே மயக்குகின்றனர். இலக்கணத்தின் இரண்டாம் நிபந்தனை இங்கு நிறைவேறவில்லை. இருந்தும் யாருக்கும் இழப்பில்லை. ஏன்?

இருதட்டுத் தராசு பொருளைப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு இரு தட்டிலும் ஒரே அளவில் செயற்படுவதால் அது நீங்கிவிடுகிறது, அளக்கப்படுவது நிறையே. வில்தராசும் மின்னணுத் தராசும் அவ்வாறல்ல. அவை உணர்வது விசையை; காட்டுவது கிலோகிராமை. ஈர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் வினாடி வர்க்கத்திற்கு ஏறத்தாழ 9.78 மீட்டர், துருவத்தில் 9.83 மீட்டர். நிலநடுக்கோட்டில் சரிசெய்யப்பட்ட மின்னணுத் தராசைத் துருவத்தில் வைத்தால் ஒரு கிலோ அரிசி ஏறத்தாழ 5 கிராம் கூடுதலாகக் காட்டும். சென்னையில் சரிசெய்ததை உதகைக்குக் கொண்டு சென்றால் வேறுபாடு கிலோவுக்கு ஒரு கிராமையும் எட்டாது. அரிசிக்கு அது ஒன்றுமில்லை. தங்க நகைக் கடையில் மில்லிகிராமும் விலையுள்ளது. அங்கு தராசு வைக்கப்பட்ட இடத்திலேயே படித்தர எடைக்கல்லைக் கொண்டு அது சரிசெய்யப்பட வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன்படி தராசுகளைச் சோதித்து முத்திரையிடும் ஆய்வாளர் இந்த வேறுபாட்டைத்தான் காக்கிறார். சட்டத்தின் தமிழ்ப்பெயரில் ‘எடை’ இருப்பதும், அச்சட்டத்தின்படி கிலோகிராம் நிறையின் அலகாக இருப்பதும் ஒரு சிறிய வேடிக்கை.

ஆக, வாங்குபவரும் விற்பவரும் அறியாவிட்டாலும் வேறுபாட்டை அறிந்த ஒருவர் அச்சங்கிலியில் இருக்கிறார். ஐயம் எழுந்தால் அவரை அணுக முடியும். இலக்கண மரபு கேட்பவரிடம் எதிர்பார்த்த அறிவைச் சமூகம் ஒரு முத்திரையில் வைத்துக் காக்கிறது. பேச்சில் நிகழும் மயக்கத்தை இம்முத்திரை வழுவமைதியாக்குகிறது. முத்திரையில்லாத தராசின் முன் அதே பேச்சு வழு. அடுத்த இரு சொற்களையும் இவ்வளவையாலேயே மதிப்பிடலாம்.

கிருமி

‘கிருமி’ வடமொழியில் புழுவைக் குறித்த சொல். தமிழில் அது கண்ணுக்குத் தெரியாத நோய்முதல் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. பாக்டீரியாவும் கிருமி, வைரஸும் கிருமி. தரையில் தெளிப்பதும் கிருமிநாசினி. கண்ணுக்குத் தெரியும் குடற்புழுவை மக்கள் ‘பூச்சி’ என்பதால் அதற்குத் தனி மாத்திரை உண்டு. எஞ்சியவை ஒரே பெயரின் கீழ் வாழ்கின்றன.

பாக்டீரியா தனக்கென உயிரணுக் கட்டமைப்புடைய உயிரி. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் அதன் சுவரையோ அதன் புரத உற்பத்தியையோ தாக்குகின்றன. வைரஸுக்கு அவ்வுறுப்புகள் இல்லை. அது நோயாளியின் உயிரணுவைக் கொண்டே பெருகுகிறது. ஆகவே சாதாரணச் சளிக்கும் பெரும்பாலான தொண்டைக் கரகரப்பிற்கும் அம்மருந்துகளால் பயனில்லை. தேவையற்ற இடத்தில் உண்ணப்படும் ஒவ்வொரு முறையும் உடலில் உள்ள பிற பாக்டீரியாக்களுள் மருந்தைத் தாங்குபவை பிழைத்துப் பெருக வாய்ப்பு ஏற்படுகிறது. ‘கிருமிக்கு மருந்து’ என்னும் தொடரில் இவை எதுவும் தெரிவதில்லை.

சொற்பற்றாக்குறை இங்குக் காரணமன்று. பாக்டீரியா, வைரஸ் ஆகிய இரண்டும் பள்ளிப்பாடத்தில் உள்ளன; 2020இல் ‘தீநுண்மி’ என்னும் சொல்லும் செய்திகளில் வழங்கியது. ‘கிருமி’ என்னும் பொதுச்சொல்லும் தன்னளவில் குற்றமுடையதன்று. காய்ச்சல் கண்ட முதல்நாள், சோதனை எதுவும் செய்யாத நிலையில், அது தொல்காப்பியர் கூறும் ‘உரு’ போன்றது. ஐயத்திற்குரிய நேர்மையான சொல். சோதனையின்றி ‘இது வைரல்’ என்று துணிந்து கூறுவது, கட்டையைத் தொலைவிலிருந்தே மனிதன் என்று அறுதியிடுவதற்கு ஒப்பாகும்.

ஐயம் நீங்க வேண்டிய இடம் மருத்துவரின் அறை. வேறுபாட்டைக் காப்பவர் அவர். தராசுக்கு முத்திரை எதுவோ, மருந்துக்கு மருந்துச்சீட்டு அது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, அதில் இடம்பெற்ற மருந்துகளை விற்கும்போது சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப்பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்குமாறு கடைக்காரரைப் பணிக்கிறது. சீட்டின்றி ‘கிருமிக்கு இரண்டு மாத்திரை’ வாங்கும் இடத்தில் சங்கிலி அறுகிறது. கேட்பவரும் கொடுப்பவரும் பயன்படுத்தும் சொல் மருத்துவர் அறையில் வழங்கும் அதே சொல்தான். அங்கு அது ஐயக்கிளவி. இங்கு அது வழு.

துரோகம்

மூன்றாவது சொல்லின் நிலை இவ்விரண்டினும் கடியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்ட 124அ பிரிவு, இந்தியாவில் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்கத்தின் மீது வெறுப்பையோ அவமதிப்பையோ பற்றின்மையையோ தூண்டுவதைக் குற்றமாக்கியது. அப்பிரிவின் காப்புப்பொருள் அரசாங்கம். நாடு என்னும் சொல்லோ தேசம் என்னும் கருத்தோ அதில் இல்லை. அரசாங்கத்திற்கு எதிராகப் போர் தொடுத்தல் 121ஆம் பிரிவில் தனிக்குற்றமாக இருந்தது. 1897இல் திலகர் மீதான வழக்கில் நீதிபதி ஸ்டிராச்சி, பற்றின்மை என்பது பற்று இல்லாமையே என்று நடுவர் குழுவுக்கு விளக்கினார். குற்றத்தின் எல்லை இதனால் பெரிதும் விரிந்தது. அரசு நடவடிக்கையைக் கண்டிப்பது வேறு, அரசாங்கத்தின் மீது வெறுப்பைத் தூண்டுவது வேறு என்று பிரிவின் விளக்கக்குறிப்புகள் கூறின. நடைமுறையில் அப்பிரிப்பு ஆளுவோரின் மனநிலையைச் சார்ந்திருந்தது.

விடுதலைக்குப் பின் இவ்வேறுபாடு இருமுறை தெளிவாக வரையப்பட்டது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கே. எம். முன்ஷி, பேச்சுரிமைக்கான வரம்புகளிலிருந்து இக்குற்றப்பெயரை நீக்கும் திருத்தத்தை முன்மொழிந்தபோது, அரசாங்கத்தைக் குறைகூறுதலும் அரசின் பாதுகாப்பைக் குலைத்தலும் வேறு வேறு என்று வாதிட்டார். 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘சட்டத்தால் நிறுவப்பட்ட அரசாங்கம்’ என்பதையும் அவ்வப்போது ஆட்சியை நடத்தும் ஆட்களையும் பிரித்தது. வன்முறையையோ பொது ஒழுங்கின் குலைவையோ தூண்டும் நோக்கமோ இயல்போ உடைய பேச்சே குற்றம் என்று பிரிவின் எல்லையைச் சுருக்கியது. வேறுபாடு வரையப்பட்டதனாலேயே பாதுகாப்பு கிடைத்துவிடுவதில்லை என்பதற்கும் அவ்வழக்கே சான்று: கேதார்நாத் சிங்கின் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று.

இவ்வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று எவரும் கூற இயலாது. ஆட்சி, அரசு, நாடு ஆகிய மூன்றையும் படிப்பறியாதவரும் பிரித்தே வழங்குகின்றனர். ஆட்சி மாறினால் அரசு வேலை போய்விடும் என்று எவரும் அஞ்சுவதில்லை. ‘இந்த ஆட்சி போகட்டும்’ என்று தேநீர்க்கடையில் சொல்பவர் நாடு போகட்டும் என்று சொல்லவில்லை என்பது உடனிருந்து கேட்பவருக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தமிழ் எழுத்தில் 124அ பிரிவுக்கு இராஜதுரோகம், இராஜதுவேஷம் என்னும் பெயர்கள் வழங்கின. இவற்றுள் ‘இராஜதுவேஷம்’ பிரிவின் வாசகத்தை வியப்பூட்டும் வகையில் நெருங்குகிறது: யார் மீது என்பதை ‘இராஜ’ என்பதும், குற்றம் ஓர் உணர்வைத் தூண்டுவது என்பதை ‘துவேஷம்’ என்பதும் சொல்கின்றன. ‘துரோகம்’ நம்பிக்கையைக் குலைத்தலைக் குறிப்பது. பேச்சுக் குற்றத்திற்கு அது அளவில் பெரிய சொல். எனினும் ‘இராஜ’ என்னும் முன்னொட்டு எதிராளி யார் என்பதையேனும் காத்தது.

விடுதலைக்குப் பிந்தைய செய்தித்தமிழில் இப்பிரிவுக்குத் ‘தேசத்துரோகச் சட்டம்’ என்னும் பெயர் நிலைபெற்றது. அரசன் இல்லாத நாட்டில் ‘இராஜ’ பொருந்தாது என்று தோன்றியிருக்கலாம். அது நியாயமான தயக்கமே. ஆனால் அரசன் இருந்த இடத்தில் அரசாங்கத்தை வைப்பதற்கு மாறாகத் தேசம் வைக்கப்பட்டது. இதனால் உச்ச நீதிமன்றம் 1962இல் வரைந்த கோடு, அத்தீர்ப்பைப் பற்றிய தமிழ்ச் செய்தியின் தலைப்பிலேயே அழிகிறது. அமைச்சரின் செயலைக் கண்டித்துப் பேசியவர் மீது வழக்குப் பதிவானால், வாசகர் அறிவது அவர் நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டுள்ளார் என்பதை. பல ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம். அங்கு வேறுபாட்டைக் காப்பவர் உண்டு. ஆனால் பெயர் சூட்டப்பட்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் இடையில் அவர் தம் ஊரில், தம் தெருவில் அந்தப் பெயரோடுதான் வாழ வேண்டும். எடைக்கு முத்திரை கடையிலேயே உள்ளது. மருந்துக்குச் சீட்டு அடுத்த தெருவில் உள்ளது. இங்குக் காப்பவர் எட்டாத் தொலைவில் இருக்கிறார். மயக்கத்தைப் பொறுக்க இயலாமைக்கு அத்தொலைவே காரணம்.

124அ பிரிவின் செயற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவு இல்லை. 152ஆம் பிரிவு இந்தியாவின் இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாடு ஆகியவற்றிற்கு ஊறு விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. இராஜதுரோகத்தை நீக்கித் தேசத்துரோகம் வைக்கப்பட்டுள்ளதாக உள்துறை அமைச்சர் 2023 டிசம்பரில் மக்களவையில் இந்தியில் விளக்கினார். இம்மாற்றம் பெயரளவினதா பொருளளவினதா என்பது சட்ட அறிஞர்களிடையே விவாதத்திற்குரியது. தமிழ் வாசகரால் அவ்விவாதத்திற்குள் நுழையவும் இயலாது. பழைய பிரிவையும் அவர் தேசத்துரோகம் என்றே அறிந்திருந்தார்; புதியதும் தேசத்துரோகம். நீக்கப்பட்டது எது, வந்தது எது என்று கேட்பதற்குரிய இரண்டாம் சொல்லைச் செய்தித்தமிழ் முன்பே கைவிட்டிருந்தது. இயற்பியல் பாடநூலில் ஒரு சொல் இணையிலிருந்து பிரிந்ததால் விளைந்தது ஒரு மதிப்பெண். இங்கு விளைந்தது ஒரு சட்டமாற்றத்தைக் காண இயலாமை.

இச்சொல்மாற்றத்தின் பிழையைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய வ.உ. சிதம்பரம் பிள்ளையை, 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே 124அ பிரிவின்கீழ்க் குற்றவாளி என்று தீர்மானித்தார். தம் பேச்சுக்காக 20 ஆண்டுகளும் சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக 20 ஆண்டுகளும் நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது குறைந்தது. அவரைப் பற்றிய எந்த வரலாற்று நூலையும் எடுத்து, ‘இராஜதுரோகம்’ என்று உள்ள இடத்தில் ‘தேசத்துரோகம்’ என்று மாற்றிப் படித்தால் போதும். தேசாபிமானத்திற்காகச் செக்கிழுத்தவர் தேசத்துரோகத்திற்காகச் செக்கிழுத்ததாக அந்த வாக்கியம் கூறும்.